கல் எந்த நாட்டுக் கல்? நெல்லைப் பக்கம் ரத்தினக் கல் வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்காக ஒரு மாணிக்க மோதிரம் வாங்கவும், அம்மாவின் பழைய கெம்புத் தோட்டைச் சோதித்துப் பார்க்கவும் கிளம்பினோம். நெல்லை டவுன் ரத வீதிகளில் தொடங்கிய அலைச்சல் சென்னையில் போய்த்தான் முடிந்தது. ஒரே கல்லை ஒருவர் பர்மா என்றார், அடுத்தவர் ஆப்பிரிக்கா என்றார், இன்னொருவர் கல்லே இல்லை, கண்ணாடி என்றார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒன்றுபோலப் பேச்சை மாற்றினார்கள். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். எந்த ராசிக்கு எந்தக் கல் என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அதை உங்கள் ஜோசியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்ன கல்தான் உங்கள் கைக்கு வருகிறதா என்பதே இங்கே விஷயம்.

1. நாட்டைக் கடைசியில் கேளுங்கள்

கடையில் உட்கார்ந்ததும் "இது எந்த ஊர்க் கல்?" என்று கேட்டுவிடுகிறோம். அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது என்ன கனிமம்? மண்ணில் விளைந்ததா, ஆலையில் வளர்த்ததா? நிறத்துக்காகவோ தெளிவுக்காகவோ ஏதாவது செய்திருக்கிறார்களா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் நாடு.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், ஆலையில் வளர்த்த மாணிக்கமும் இயற்கை மாணிக்கமும் வேதியியலில் ஒன்றுதான். இரண்டும் அலுமினியம் ஆக்சைடு. சிவப்பைத் தருவது குரோமியம். தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறை 1902 முதலே உலகம் அறிந்தது. அதனால் பாட்டி காலத்து நகை என்பதாலேயே அதிலுள்ள கல் இயற்கைக் கல் என்று ஆகிவிடாது. ஆலைக் கல்லுக்கு நாடு கேட்பதில் பொருளே இல்லை.

பெயரிலும் கவனம் வேண்டும். புஷ்பராகம் என்ற பெயரில் மஞ்சள் சபையரும் விற்கிறார்கள், டோபாஸும் விற்கிறார்கள், சிட்ரின் என்ற மஞ்சள் குவார்ட்ஸும் விற்கிறார்கள். மூன்றின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். "புஷ்பராகம் என்று எழுதினால் போதாது, கனிமத்தின் பெயரையும் எழுதுங்கள்" என்று கேளுங்கள். கோரண்டம் (மாணிக்கத்துக்கும் சபையருக்கும் பொதுவான கனிமப் பெயர்) என்றோ சபையர் என்றோ எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

2. சந்தை ஊரைச் சுரங்க ஊர் என்று எண்ணாதீர்கள்

"பெல்ஜியம் வைரம்" என்பார்கள். பெல்ஜியத்தில் வைரச் சுரங்கம் கிடையாது. ஆண்ட்வெர்ப் வைர வியாபார நகரம். ஜெய்ப்பூரில் மரகதம் வெட்டிப் பட்டை தீட்டுகிறார்கள், தோண்டி எடுப்பதில்லை. அங்கே வரும் தீட்டாத கரட்டுக் கல்லில் பெரும்பங்கு ஜாம்பியாவுடையது. "ஹைதராபாத் முத்து" என்கிறோம், ஹைதராபாத்தில் கடல் ஏது? "பாங்காக் புஷ்பராகம்" என்பதும் அப்படித்தான். தாய்லாந்தின் சந்தபுரி உலகெங்கும் தோண்டிய கற்களைச் சூடாக்கி விற்கும் ஊர். அங்கிருந்து வந்த கல் ஆப்பிரிக்காவில் பிறந்ததாக இருக்கலாம். "அமெரிக்கன் டைமண்ட்" என்பது கியூபிக் சிர்கோனியா என்ற ஆலைக் கல். நம் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுத் தொழிலாகவே செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, கடைக்காரர் ஊர்ப் பெயர் சொன்னதும் "தோண்டின இடமா, தீட்டின இடமா, வாங்கின சந்தையா?" என்று கேளுங்கள். நேர்மையான வியாபாரி சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்லிவிடுவார்.

3. எந்தக் கல் எங்கே கிடைக்கிறது

மாணிக்கம். பெரிய பெயர் மியான்மரின் மோகோக் பள்ளத்தாக்குக்கு. அங்கே மாணிக்கம் சலவைக்கல்லில் விளைகிறது. சலவைக்கல்லில் இரும்பு மிகக் குறைவு என்பதால் கல்லிலும் இரும்பு குறைவு. அதனால் வெயிலில் உள்ளிருந்து கனல்வது போலத் தெரியும். தாய்லாந்துக் கல்லில் இரும்பு அதிகம், அதனால் அது கொஞ்சம் கருஞ்சிவப்பு. மியான்மரிலேயே மோங் சூ என்று இன்னொரு இடம் உண்டு. அங்கே எடுக்கும் கல்லின் நடுவில் நீலம் படர்ந்திருக்கும்; சூடாக்கினால்தான் சிவப்பு துலங்கும். அதுவும் "பர்மா" தான், ஆனால் மோகோக் விலைக்குரியது அல்ல. 2009-இல் மொசாம்பிக்கின் மோன்டேபுவேஸ் பகுதியில் பெரிய படிவம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, இன்று சந்தைக்கு வரும் நல்ல மாணிக்கத்தில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. மொசாம்பிக் கல் நல்ல கல். அதை மொசாம்பிக் என்று சொல்லி, மொசாம்பிக் விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். நம் நாட்டில் ஒடிசாவிலும் கர்நாடகத்திலும் மாணிக்கம் உண்டு. மைசூர்ப் பக்கத்துக் கற்கள் பெரும்பாலும் ஒளி ஊடுருவாதவை, சிலவற்றில் நட்சத்திரக் கோடு விழும்.

நீலம் (நீலச் சபையர்). காஷ்மீரின் பாடர் பகுதியில் 1880-களில் எடுத்த கற்களுக்கு இணையான விலை வேறு எதற்கும் இல்லை. அவை அப்போதே பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. மாதச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில் யாராவது "காஷ்மீர் நீலம்" காட்டினால் அதற்கு மேல் விசாரிக்கத் தேவையில்லை. நம் பக்கம் பரவலாக வருவது இலங்கைக் கல்: ரத்தினபுரி, எலஹெர. 1998-இல் மடகாஸ்கரின் இலகாக்காவில் நீலம் கிடைக்கத் தொடங்கியது. இங்கேதான் பெரிய சிக்கல். இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம். பாறை ஒன்று, கல்லின் உள்ளமைப்பும் கிட்டத்தட்ட ஒன்று. அனுபவமுள்ள பரிசோதகர்களே இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் திணறுகிறார்கள். அப்படியிருக்க, கண்ணால் பார்த்து "சுத்த சிலோன்" என்று அடித்துச் சொல்பவரை எப்படி நம்புவது? ஆஸ்திரேலிய நீலம் பொதுவாகக் கருமை ஏறியது. அதைப் பிரிப்பது அவ்வளவு கடினமில்லை.

மரகதம். கொலம்பியாவின் முசோ, சிவோர், ஜாம்பியாவின் காஃபுபு, பிரேசில், ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷிர். ஜாம்பியாக் கல்லில் லேசான நீலச் சாயல் இருக்கும். எந்த நாட்டு மரகதமானாலும் விரிசல்களில் எண்ணெய் ஏற்றுவது உலக வழக்கம். எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்பதே விலையைத் தீர்மானிக்கும். "எண்ணெயே படாத கொலம்பியா" என்றால் காகிதம் கேளுங்கள்.

வைடூரியம். இது நமக்குப் பக்கத்து வீட்டுக் கல். மலைக்கு அந்தப்பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்துச் சரளை மண்ணில் கிடைக்கும் கிரைசோபெரில் என்ற கனிமத்தின் பூனைக்கண் உலகத் தரமானது. இலங்கையிலும் பிரேசிலிலும் கிடைக்கிறது. பூனைக்கண் கோடு விழும் குவார்ட்ஸ், அதே கோடு விழும் நார்க்கண்ணாடி இரண்டையும் வைடூரியம் என்று தள்ளிவிடுவார்கள். கோடு தெரிவது மட்டும் சான்றல்ல.

கோமேதகம் இலங்கை, ஆப்பிரிக்கா, ஒடிசா என்று பல இடங்களில் கிடைக்கிறது, விலையும் குறைவு. நாட்டுக்காக அதிகம் கொடுக்க வேண்டாம்.

வைரம். பட்டை தீட்டிய வைரத்தைப் பார்த்து இன்ன நாடு என்று சொல்ல முடியாது. சுரங்கத்திலிருந்து கரட்டு வைரமாக இருக்கும்போதே தொடர்ந்து பதிவு செய்தால்தான் உண்டு. கலகப் படைகளுக்குப் பணம் போகும் வைரத்தைத் தடுக்க 2003-இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்று கரட்டு வைரத்துக்குத்தான். உங்கள் மூக்குத்திக் கல்லுக்கு யாரும் அதைத் தர முடியாது. வைரத்தில் நீங்கள் கேட்க வேண்டியது இயற்கையா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பது. கடையில் "பீப்" என்று ஒலிக்கும் சிறு கருவி வெப்பத்தை அளக்கிறது. ஆய்வக வைரத்துக்கும் அது ஒலிக்கும், வைரம் போலத் தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல்லுக்கும் ஒலிக்கலாம். அந்த ஒலியை நம்பிப் பணம் எண்ணாதீர்கள்.

முத்து. "தூத்துக்குடி முத்து" என்று இன்று சொல்வதைக் கேட்டு மயங்காதீர்கள். நம் மன்னார் வளைகுடாவில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடைகளில் சரம் சரமாகத் தொங்குபவை பெரும்பாலும் சீனத்து நன்னீர் வளர்ப்பு முத்துகள்.

பவளம். செம்பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து, பெரும்பாலும் இத்தாலி வழியாக வருகிறது. நம் மன்னார் வளைகுடாப் பவளப் பாறைகளை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடற்கரைக் கடைகளில் "உள்ளூர்ப் பவளம்" என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

ஸ்படிகமும் செவ்வந்திக் கல்லும். இரண்டுமே குவார்ட்ஸ். செவ்வந்திக் கல் பெருமளவில் பிரேசில், உருகுவே, ஜாம்பியாவிலிருந்து வருகிறது. ஸ்படிக மாலையை "இமயமலை" என்று விற்பார்கள். அது குவார்ட்ஸா கண்ணாடியா என்று மட்டும் பாருங்கள். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும்.

நம் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. உவரிப் பக்கம் கடற்கரையில் அலை இழுத்துவிட்ட இடத்தில் செம்மண்கோலம் போட்டது போல வரி வரியாகச் சிவப்பு மணல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைக்குள் எடுத்து வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு துகளும் ரத்தத் துளி போல மின்னும். அது கார்னெட். கோமேதகத்தின் இனம்தான். ஆனால் துகள் அளவு. உப்புத்தாளுக்கும் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரோடு கலந்து உலோகம் வெட்டுவதற்கும் பயன்படுமே தவிர மோதிரத்துக்கு ஆகாது. தாது மணல் அள்ளுவதற்கு 2013-இல் அரசு தடை விதித்தது. யாராவது "உவரிக் கல்" என்று பட்டை தீட்டிய கல்லை நீட்டினால் அது வேறெங்கிருந்தோ வந்தது.

4. பழைய நகை என்றால் கல்லை முதலில் கழற்றுங்கள்

அந்தக் காலத் தோடு, பதக்கம், ஒட்டியாணம் எல்லாம் பின்பக்கம் மூடிய கட்டு. உள்ளே அரக்கு, அதன்மேல் வண்ணத் தாள், அதன்மேல் கல். மூடிய கட்டில் இருக்கும் கல்லை எந்தப் பரிசோதனைக் கூடமும் முழுமையாகச் சொல்ல முடியாது. அம்மாவின் தோட்டை ஆசாரி இளஞ்சூட்டில் காட்டி, அரக்கை ஊசியால் நெம்பி, ஒரு கல்லை வெள்ளைத் துணியில் தட்டினார். கல்லோடு ஒட்டியிருந்த சிவப்புத் தாள் பிரிந்து விழுந்ததும், அதுவரை மாதுளை முத்தாக இருந்த கல் வெளிர் ரோஜா நிறத்தில் கிடந்தது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது உள்ளே காற்றுக் குமிழ் எதுவும் இல்லை, பட்டு இழை போல நுண்ணிய ஊசிகள் தெரிந்தன. அது நல்ல அறிகுறி. குமிழ் உருண்டையாகத் தெரிந்தால் கண்ணாடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; வளைகோடுகள் தெரிந்தால் ஆலைக் கல்.

கழற்றும் முன் நகையை நான்கு பக்கமும் படம் எடுங்கள். எத்தனை கல், எந்த வரிசை என்று எழுதி ஆசாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். இது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது. அவருக்கும் அது பாதுகாப்பு. இன்னொரு எச்சரிக்கை: விரிசலில் ஈயக்கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் இப்போது ஏராளம். ஆசாரியின் ஊதுகுழல் சூடும், பற்றவைத்த பின் முக்கும் அமிலமும் பட்டால் அந்தக் கண்ணாடி அரித்துப் போகும். எலுமிச்சைச் சாறுகூட ஆகாது. கல் எதுவென்று தெரியும் வரை சூடு காட்டாமல், கட்டின் விளிம்பை நெம்பியே கழற்றச் சொல்லுங்கள். மரகதத்தையும் முத்தையும் சூட்டிலிருந்தும் அமிலத்திலிருந்தும் தள்ளியே வையுங்கள்.

5. பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு போவது

சென்னையில் தனியார் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. ஜெய்ப்பூரில் ரத்தினம், நகை ஏற்றுமதி ஊக்குவிப்புக் கவுன்சில் 1972-இல் தொடங்கிய கூடம் பெயர் பெற்றது. மும்பையில் பன்னாட்டுக் கூடங்களின் கிளைகள் உண்டு. விற்கும் கடையின் அண்ணன் தம்பி நடத்தும் "லேப்" கொடுக்கும் அட்டை எதற்கும் உதவாது.

நேரில் போவதே நல்லது. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். வேலை முடிந்தால் அன்று இரவே திரும்பலாம். முன்கூட்டியே தொலைபேசியில் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: தனிநபரிடம் கல் வாங்குவார்களா, அன்றே அறிக்கை கிடைக்குமா, நாடு குறிப்பிட்டு அறிக்கை தருவார்களா. எல்லாக் கூடமும் நாடு சொல்வதில்லை. பல கூடங்கள் "இயற்கை மாணிக்கம், சூடாக்கியதற்கான அறிகுறி உண்டு" என்பதோடு நிறுத்திவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, பழைய பில் இருந்தால் அதன் நகல், கல்லின் படம், எடை எழுதிய தாள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பறக்கும் படை நிறுத்தினால், ஆவணம் இல்லாத விலைமதிப்புள்ள பொருளை மீட்பதற்கே அலைய வேண்டியிருக்கும்.

கல்லைக் கொடுக்கும்போது ரசீதில் காரட் எடை இரண்டு தசம இடம் வரையும், மில்லிமீட்டர் அளவும், நிறமும் எழுதியிருக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது உங்கள் கண்முன் மறுபடி எடை போடச் சொல்லுங்கள். ஒரு காரட் 200 மில்லிகிராம். ஒரு பவுன் 40 காரட். ரத்தி என்ற பழைய எடைக் கணக்கில் யாராவது பேசினால் காரட்டில் சொல்லச் சொல்லுங்கள். ரத்தி ஆளுக்கு ஆள் மாறும்.

செலவு இரண்டு அடுக்காக வரும். இன்ன கல், இயற்கையா, என்ன செய்திருக்கிறார்கள் என்ற சாதாரண அறிக்கை மலிவு. நாட்டைச் சொல்லும் அறிக்கைக்குத் தனிக் கட்டணம், அது பல மடங்கு. கல்லின் எடை கூடினால் கட்டணமும் கூடும். சிறு கல்லுக்கு நாட்டு அறிக்கை வாங்குவது, கல்லைவிடக் காகிதம் அதிக விலை என்ற நிலையில் கொண்டுபோய் விடும். முதலில் சாதாரண அறிக்கை எடுங்கள். அது இயற்கை என்றும், சூடாக்கப்படாதது என்றும் சொன்னால் மட்டும் அடுத்த செலவு.

தபாலில் அனுப்புவதானால் தபால் துறையின் இன்சூர்டு பார்சலைக் கேளுங்கள். தனியார் கூரியர்களில் பல, நகையும் ரத்தினமும் ஏற்பதில்லை என்று தங்கள் விதிமுறையிலேயே எழுதியிருக்கும். தொலைந்தால் ஒரு பைசா வராது. போக, வர, சோதிக்க என்று மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

6. அறிக்கையை எப்படிப் படிப்பது

மேலே எந்தக் கூடத்தின் பெயர் இருக்கிறதோ அதன் சொந்த இணையதளத்தில் அறிக்கை எண்ணைப் போட்டுப் பாருங்கள். அட்டையில் உள்ள க்யூஆர் குறியீட்டை மட்டும் நம்பக் கூடாது. போலி அட்டை அச்சடிப்பவர் போலிக் குறியீட்டையும் அச்சடிப்பார். எடையும் அளவும் உங்கள் கல்லோடு பொருந்த வேண்டும். உண்மையான அறிக்கையை வேறு கல்லோடு சேர்த்து விற்பது பழைய தந்திரம்.

அடுத்து "குறிப்புகள்" பகுதி. விலை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சூடாக்கியது, கண்ணாடி நிரப்பியது, எண்ணெய் ஏற்றியது, நிறத்தை மாற்றப் பெரிலியம் ஊடுருவச் செய்தது எல்லாம் அங்கே சிறு எழுத்தில் வரும். சூடாக்கியது பரவாயில்லை, உலகச் சந்தையில் பெரும்பாலான நீலமும் மாணிக்கமும் அப்படித்தான்; விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். கண்ணாடி நிரப்பியதை மாணிக்க விலைக்கு வாங்கவே கூடாது.

நாடு எழுதியிருந்தால் அது அந்தக் கூடத்தின் கருத்து. உள்ளே சிக்கியிருக்கும் துகள்களையும், மிகச் சிறிதளவு கலந்திருக்கும் தனிமங்களையும் ஒப்பிட்டுச் சொல்வது. இரண்டு நல்ல கூடங்கள் இரண்டு நாடு சொல்வதும் நடக்கும். பெரிய தொகை என்றால் இரண்டாவது கூடத்தின் அறிக்கைக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

7. பில்லில் என்ன இருக்க வேண்டும்

வெள்ளைத் தாளில் எழுதித் தரும் எஸ்டிமேட்டைப் பில் என்று எண்ணாதீர்கள். ஜி.எஸ்.டி. எண் உள்ள பில்லில் தங்கத்தின் நிகர எடை தனி, கல் எடை தனி, கல்லின் விலை தனி, செய்கூலி, சேதாரம் தனி. கல் எடையைக் கழிக்காமல் தங்க விலை போடுவது இன்னும் நடக்கிறது. கல்லைப் பற்றி எழுதும் இடத்தில் கனிமத்தின் பெயர், காரட், இயற்கை, செய்திருக்கும் மாற்றம், அறிக்கை எண், நாடு சொல்லி விற்றால் நாடு. வாயால் சொன்ன நாட்டை எழுத மறுத்தால் அந்த நாட்டுக்கான விலையைக் கொடுக்க மறுத்துவிடுங்கள். நகைக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம். 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பான் எண் வேண்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் அனுமதிக்காது.

ஹால்மார்க் முத்திரையும், எழுத்தும் இலக்கமும் கலந்து ஆறு இடத்தில் வரும் எச்.யு.ஐ.டி. என்ற அடையாள எண்ணும் உலோகத்துக்கு மட்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைச் சரிபாருங்கள். ஆனால் "ஹால்மார்க் நகை, கல்லும் ஒரிஜினல்தான்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். அந்த முத்திரைக்கும் கல்லுக்கும் சம்பந்தம் இல்லை.

8. இலங்கையில் வாங்கி வரலாமா?

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருப்பதால் நம் பக்கத்தில் பலருக்கு இந்த ஆசை வரும். போகலாம், ஆனால் பேருவளையிலோ ரத்தினபுரியிலோ தெருவில் பொட்டலம் பிரித்துக் காட்டுபவரிடம் வாங்காதீர்கள். சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஆலைக் கல் விற்பவர்கள் இருக்கிறார்கள். உரிமம் பெற்ற கடையில் வாங்கி, கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் சோதித்து, பில்லை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நம் விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய்ச் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். தீர்வையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒற்றை மோதிரக் கல்லுக்காகக் கொழும்பு போவது லாபமில்லை என்பது என் கருத்து.

9. ஏமாற்றப்பட்டால்

அறிக்கை வேறு சொன்னால் முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். விரைவுத் தபாலில், ஒப்புகையோடு. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், அறிக்கை, பணம் கட்டியதற்கான வங்கிச் சான்று, நீங்கள் அனுப்பிய கடிதம், ஒப்புகை ஆகியவற்றை இணையுங்கள். வழக்கு முடியும் வரை கல்லை விற்கவோ மறுபடி பதிக்கவோ வேண்டாம். ஆணையம் மறுபரிசோதனைக்குக் கேட்டால், கூடத்தின் உறையிலிருந்து எடுக்காத கல்லைத்தான் கொடுக்க வேண்டும்.